சாவித் துவாரத்தில் ஒரு குடித்தனம்

தோட்டக் கதவிலிருந்த பூட்டுக்கு ஒரே பெருமை, தன் சாவியைத் தவிர வேறு யாரையும் அது உள்ளே விட்டதில்லை.

ஒருநாள் தேனீ ஒன்று ரோஜா இலைத் துண்டைத் தூக்கிக்கொண்டு சாவித் துவாரத்துக்குள் நுழைந்தது.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே? உன் கூட்டம் எங்கே? ராணி எங்கே?"

"கூட்டமும் இல்ல, ராணியும் இல்ல. நான் ஒருத்திதான். முட்டை வைக்க இடம் தேடினேன். இந்தப் பக்கத்துல நீங்க மட்டும்தான் திறந்திருந்தீங்க."

பூட்டை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தேனீ இலைகளைச் சுருட்டி மூன்று அறைகள் கட்டியது. ஒவ்வொன்றிலும் மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, கடைசியில் வாசலையும் இலையால் அடைத்தது.

"பிள்ளைங்களைப் பார்க்க எப்ப வருவே?"

"அதுங்க வெளிய வர்றப்ப நான் இருக்க மாட்டேன். சாப்பாடு வெச்சிருக்கேன். நீங்க இப்படியே இருந்தா போதும்."

மறுவாரம் தோட்டக்காரர் சாவியோடு வந்தார். சாவியின் நுனி இலையில் பட்டது.

"உள்ளே யாரு?" என்று சாவி பூட்டைக் கேட்டது.

"யாருமில்ல, துரு."

"துரு இவ்வளவு மெத்துனா இருக்கும்?" என்ற சாவி ஒரு கணம் யோசித்தது. பிறகு அவர் விரலிலிருந்து நழுவிப் புல்லுக்குள் விழுந்து ஒளிந்துகொண்டது. அவர் அலுத்துக்கொண்டு வேலி ஏறிக் குதித்தார்.

சில வாரங்கள் கழித்து, இலை வாசல் கிழிந்து, பூட்டு உள்ளிருந்து திறந்தது. மூன்று தேனீக்கள் திரும்பிப் பார்க்காமல் பறந்துபோயின.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் எந்தத் தேனீ போனாலும் பூட்டு கூப்பிடுகிறது: "இங்க மூணு ரூம் காலியா இருக்கு!"