ஆளுக்கொரு ஆணி

"ஓடிப்போன மனுஷனை நினைச்சுக்கிட்டு யாராவது இந்த வெயில்ல நடப்பாங்களாக்கா?" என்று தம்பி சலித்துக்கொண்டான்.

"பாசத்துல வரலைடா. கடைசியா எந்த இடத்துலேர்ந்து கிளம்பினாருன்னு ஒரு தடவை பார்க்கணும். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாதான் எனக்கு நெஞ்சு ஆறும்" என்றாள் அக்கா.

முப்பது வருஷத்துக்கு முன் அங்கே சுரங்கம் இருந்தது. அவள் கணவனும் தம்பியும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். இப்போது கழிவுமண் மேடுகளில் புல் முளைத்து, தண்டவாளத்தைச் செடி மூடி, குழியே ஏரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் ஜனங்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நடக்கிறார்கள்.

வாசலில் வழிகாட்டிப் பெண் இருபது பேருக்கும் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்தாள்.

"இது அந்தக் காலத்து முறை. உள்ளே போகும்போது பலகையிலேர்ந்து எடுத்துக்கணும். வெளியே வந்ததும் அதே நம்பர் ஆணியில மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆள் உள்ளே இருக்கார்னு அர்த்தம். அடுத்தவங்க டோக்கனைத் தொட்டா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்களாம். நான் அவ்வளவு மோசமில்லை, பயப்படாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி அக்காவின் டோக்கனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இப்படிக் கொடு. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரு டோக்கனைக்கூடப் பத்திரமா வச்சிக்கத் தெரியாது."

மேடு ஏறி இறங்கி, துருப்பிடித்த பெரிய சக்கரத்தைத் தாண்டி ஏரிக்கரைக்கு வந்தார்கள். இரண்டு பெடல் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. வழிகாட்டிப் பெண் தண்ணீரைக் காட்டினாள்.

"ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடியற நேரம். பக்கத்துல இருந்த பழைய சுரங்கத்துத் தண்ணி சுவரை உடைச்சிக்கிட்டு உள்ளே பாய்ஞ்சுது. மானேஜர் ஓடிவந்து பலகையைப் பார்த்தார். நூத்திப் பன்னிரண்டு ஆணியிலயும் டோக்கன்! உள்ளே யாரும் இல்லைன்னு தெரிஞ்சதால ஆளை இறக்கித் தேடாம, சுரங்க வாயை மூடச் சொல்லிட்டார். ஒரு உயிர்கூடப் போகலை!"

கூட்டம் கைதட்டியது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லார் வீட்டு ஆளும் வீட்டுக்குப் போனாங்க. என் வீட்டுக்கு மட்டும் வரலை" என்று முணுமுணுத்தாள்.

அவள் கணவனின் டோக்கனும் அன்று ஆணியில்தான் தொங்கியது. அதனால் அவன் மேலே வந்துவிட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவன் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று தம்பி சொன்னான். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பதை ஜனங்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வாழாவெட்டி என்று பெயர். மகள் கல்யாணத்தில் அப்பாவுக்குப் போட்ட நாற்காலியில் தம்பிதான் உட்கார்ந்தான். முப்பது வருஷம் அவளையும் மகளையும் தாங்கியது அவன்தான். அவன் மட்டும் இல்லையென்றால் நடுத்தெருவில் நின்றிருப்பாள்.

கூட்டம் நகர்ந்தது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கரையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ மெல்ல எழுந்து வா. நான் போய் காரை எடுத்துட்டு வரேன்" என்று தம்பி விறுவிறுவென்று நடந்தான். அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

தனியாக விட்டதும் அவளுக்கு அடக்க முடியவில்லை. ஆள் எதிரே நிற்பதுபோல் தண்ணீரைப் பார்த்துக் கரித்துக்கொட்டினாள். "பாவி மனுஷா, எங்கே கிடந்தாலும் நீ நல்லா இருக்க மாட்டே. என்னை அழ வச்சதுக்கு நீ மூச்சு முட்டித்தான் சாகணும்." சொல்லி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தால், இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். கைப்பையோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்த வழிகாட்டிப் பெண் சாவியை எடுத்துக்கொண்டு அலறியடித்து ஓடிவந்தாள்.

"ஐயையோ, நீங்க எப்படிம்மா உள்ளே? இருபது டோக்கனும் ஆணியில இருந்துச்சே! அதைப் பார்த்துத்தானே பூட்டினேன்!"

காரை நிறுத்திவிட்டுத் தம்பியும் ஓடிவந்தான். "தப்பு என்னோடதுதாம்மா. ரெண்டையும் நானே மாட்டிட்டேன். பழக்க தோஷம்..."

சட்டென்று நிறுத்தினான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

பூட்டு திறந்தது. "வாங்கம்மா" என்று வழிகாட்டிப் பெண் கையை நீட்டினாள். அக்கா நகரவில்லை. ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். படகுகளைக் கரையில் கட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. சற்று முன் அதைப் பார்த்துத் தான் சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவு வந்தது.

கம்பியை விடாமல் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அன்னிக்கு பஸ் ஏறினது யாருடா?"