பூட்டு பத்திரம்

"வீட்டை ஒழுங்காப் பூட்டினீங்களா?"

ஆட்டோவை விட்டு இறங்கியதிலிருந்து மனைவி இதையே கேட்டு அவன் உயிரை வாங்கினாள். பிள்ளைகளோடு முதல் ஆட்டோவில் வந்த தம்பி எப்போதோ கோட்டை மலையில் ஏறியிருந்தான்.

"இழுத்துப் பார்த்துட்டுத்தான்டி வந்தேன். கோட்டையைப் பாரு! எந்த எதிரியும் உள்ள நுழைஞ்சதே இல்லையாம்."

"நம்ம வீட்டுல நுழைஞ்சா?"

உச்சியில் இருந்த தொலைநோக்கியில் அவன் கடலைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்க்கவில்லை. கீழே தன் வீட்டைத் தேடிப் பிடித்தான்.

"வந்து பாரு, பூட்டு கம்பீரமாத் தொங்குது!"

பார்த்தாள். "அப்பாடா, வயித்துல பால வார்த்தீங்க! ஆமா... நம்ம மொட்டைமாடியில நின்னு யாரு துண்டை ஆட்டுறது?"

"திருடனா?" பாய்ந்து பார்த்தவன், பிள்ளைகளோடு நின்ற தம்பியின் பக்கம் திரும்பினான்.

"டேய் தம்பி, அப்பா உன் ஆட்டோவுல வரலையா?"

"உங்ககூட வர்றாருன்னுல்ல நெனச்சேன்!"

கண்ணை மூடுவதற்குள் கோட்டையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று எல்லாரையும் கிளப்பியவரே அவர்தான்.

மொட்டைமாடியிலிருந்து கோட்டை நன்றாகத்தான் தெரியும்.