குருசில் கட்டிய படகு

வரவிருக்கும் புயலுக்கு ஐரின் என்று பெயரிட்டிருப்பதாக வானொலி அறிவித்தது முதல், ஊரார் அதே பெயருள்ள மீன்காரி ஐரினைப் பெயர் சொல்லி அழைப்பதையே விட்டுவிட்டனர். புயல் நெருங்கினால் படகுகளை மணலில் ஏற்றி, ஒன்றோடொன்று வடத்தால் பிணைத்துவைப்பது அக்கடற்கரையின் வழக்கம். தனித்து நிற்கும் படகைக் கடல் கொண்டுபோய்விடும். கணவனை இழந்த ஐரினுக்குப் பிழைப்பென்று இருந்தது ஒரு படகுதான். அதன் முகப்பிலும் அவள் பெயரே எழுதப்பட்டிருந்தது.

"ஏட்டி, அந்தப் பேர அழிச்சாத்தான் ஒன் படகச் சேத்துக் கெட்டுவோம்" என்றார் ஊர்த்தலைவர் சிலுவைப்பிச்சை.

"கப்பல்ல போற எந்தம்பி சொன்னான் மாமா, ஒலகத்துல நாலஞ்சு கடல்ல இதே பேருல புயல் அடிச்சிருக்காம். மீன்கூடையோட பஸ்ஸுல ஏறவே கண்டக்டர் என்ன விடமாட்டான். நானா கடல் தாண்டிப் போயி ஊரான் வீட்டு ஓட்டப் பிரிச்சேன்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டனர். சிலுவைப்பிச்சை சிரிக்கவில்லை. ஐரின் தன் வடத்தை இழுத்துச் சென்று, கரையோரம் நின்ற கற்சிலுவையான குருசின் அடியைச் சுற்றி இறுக முடிந்தாள். குருசில் கட்டிய எதையும் அவிழ்க்க அவ்வூரில் எவரும் துணியார்.

காற்று எழுந்தது. மற்றப் படகுகளின் வடத்தை மணலில் நிறுத்தியிருந்த முளைகள் பிடுங்கிக்கொண்டன. சிலுவைப்பிச்சை வடத்தோடு ஓடிவந்தார். அது குருசை எட்டவில்லை. அவள் படகைத்தான் எட்டிற்று.

"எம்படகுல கெட்டிக்கிடுங்க மாமா" என்றாள் அவள். "ஆனா, பேரச் சொல்லிக் கேளுங்க."