வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டிய மாடு

“ஜெர்சின்றது ஒரு தீவுண்ணே! இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல கடல்ல கீது. அந்தத் தீவுக்குள்ள வேற மாடு கால வைக்கக் கூடாதுன்னு எரநூறு வருசத்துக்கு முன்னாடியே சட்டம் போட்டுட்டான். அப்பிடி ஒரு சுத்தமான வம்சம் இது!”

பிள்ளைப்பாக்கம் தணிகாசலம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே அளந்துவிட்டார். தீவுக் கதை கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னது, அது நிஜம். சுத்த வம்சம் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. இந்த மாட்டின் அப்பன் ஊசி வழியாக வந்தவன். அம்மா, ஏரிக்கரையில் மேய்ந்த நாட்டு மாடு.

வெளியூர்க்காரர் மாட்டைச் சுற்றி வந்தார். டீக்கடையில் “தணிகாசலம் வூடு எது?” என்று விசாரித்துக்கொண்டிருந்தவரை, மாடு வாங்க வந்த ஆள்தான் என்று தணிகாசலமே கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

“பாலு எவ்ளோ?”

“ரெண்டு வேளையும் சேத்து பதினஞ்சு லிட்டர். குட்ட மாடு, தீனி கம்மி. ஆனா பால காய்ச்சிப் பாருங்க, ஏடு தோச கணக்கா நிக்கும்! மான் நெறம், மை வெச்ச கண்ணு. இந்தத் தொண்ணூத்தொண்ணாம் வருசத்து வெயிலுக்கு மத்த சீம மாடெல்லாம் நாக்கத் தள்ளிச்சி. இது அசையல.”

“ஒதைக்குமா?”

“இதுவா? கொழந்தண்ணே!”

போன மாதம் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த ஒரு பெண்ணின் தாய்மாமனை இந்தக் குழந்தை விட்ட உதையில், மனிதர் எருக்குழியில் போய் விழுந்தார். சம்பந்தமும் கூடவே விழுந்தது. “இந்தச் சனியன் இருக்கிற வரைக்கும் எம்புள்ளைக்குக் கல்யாணம் ஆவாது” என்று மனைவி மரகதம் மூக்கைச் சிந்தாத நாளில்லை. வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து இன்னொரு பெண் வீட்டார் வருகிறார்கள். தரகர் கொண்டுவந்த இடம். இன்னும் முகம்கூடப் பார்த்ததில்லை. அதற்குள் மாடு போயாக வேண்டும். இப்போதைக்குத் தொட்டி நிறையப் புண்ணாக்கு கரைத்து வைத்திருந்ததால் அது தலையைத் தூக்கவில்லை.

“இவ்ளோ நல்ல மாட்ட இன்னாத்துக்கு விக்கிறீங்க?”

மாடு விற்பவன் தப்ப முடியாத கேள்வி. மாட்டில் குறை இல்லையென்றால் வீட்டில் குறை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எவன் நம்புவான்? தணிகாசலம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாம் எம்புள்ள புருஷோத்தமனாலண்ணே. ஒரே குடி!”

மோரைத் தவிர எதையும் குடித்தறியாத புருஷோத்தமன் அந்நேரம் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருந்தான்.

“கம்பெனில வேல பாக்கறாருன்னு சொன்னாங்களே?”

“போன மாசமே தொரத்திட்டான். மாட்டுக்கு ஒரு கட்டு புல்லு அறுத்துப் போட ஆள் இல்ல.”

“வூட்ல அம்மா கீறாங்களே?”

“அவளுக்குத் தெருவுல சண்ட போடவே நாள் பத்தல. மாட்டுக்கு எங்க தண்ணி காட்டுவா?”

“மருமவ வந்தா பாத்துக்க மாட்டாளா?”

“இந்த வூட்டுக்கு எவண்ணே பொண்ணு குடுப்பான்?”

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. தன் நடிப்பை நினைத்துத் தணிகாசலத்துக்கே பெருமையாக இருந்தது.

வெளியூர்க்காரர் மாட்டை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை படிந்தது. தணிகாசலம் சந்தோஷம் தாங்காமல் தானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

கயிற்றை வாங்கிக்கொண்ட வெளியூர்க்காரர் மெல்லச் சொன்னார்:

“நான் மாடு வாங்க வரலீங்க. வெள்ளிக்கிழம நாங்கதான் வர்றதா இருந்தோம், பொண்ணுக்கு அப்பன் நான். அதுக்கு முன்னாடி ஊருக்குள்ள சத்தமில்லாம விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன். சம்பந்தம் வேணாம், ஆனா பெத்த புள்ளையப் பத்தியே இவ்ளோ உண்மை பேசுற மனுசன் மாட்டப் பத்தியா பொய் சொல்லப் போறீங்க, அத மட்டும் ஓட்டிக்கினு போறேன்!”