நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு

குழிகள் நிறைந்த சோதனைத் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். நாற்பத்திரண்டாம் எண்ணுக்கான குழி சல்லடையாகக் கிடந்தது.

முடிவு தெரிய ஒரு பார்வை போதும். பதினோரு வருஷப் பழக்கம்.

முதல் முறை நோய் வந்து தேறியவர்களின் ரத்தத்தை, பின்னால் வந்த உருமாறிய வைரஸோடு மோதவிட்டுப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் இந்த வாரத்து வேலை. குழியின் அடியில் வளர்த்த செல்களுக்கு ஊதா நிறம் ஏற்றுவார்கள். ரத்தம் வைரஸைத் தடுத்திருந்தால் ஊதா அப்படியே நிற்கும். தடுக்காவிட்டால், செல்கள் செத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் ஓட்டை.

பழைய வைரஸுக்கு வைத்த தட்டில் நாற்பத்திரண்டு நல்ல ஊதா. புதியதில்தான் இந்தக் கதி.

குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் எண்களை ஒட்டியவள் அவள். நாற்பத்திரண்டு, அவளுடைய தங்கை.

ஊசியைக் கண்டாலே ஓடுகிறவள். ஆய்வுக்கு ஆள் குறைகிறது என்று அவளைத் தரதரவென்று இழுத்துவந்து, முதலில் தன் கையை நீட்டிக் காட்டித்தான் ரத்தம் எடுக்க வைத்தாள். அதற்கு ஒரு மாதம் முன்னால் இருவரும் ஒரே அறையில் பத்து நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்கள். இருவருக்குமே வாசனை தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. தங்கை சிரித்துக்கொண்டே இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள்.

எட்டு மாதம் கழித்து நோய் மறுபடி பரவியபோது அம்மா படுத்துவிட்டாள். வார்டில் கூட இருக்க ஒரே ஒருவரைத்தான் விட்டார்கள்.

"நீ போடி. உனக்குத்தான் ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சே. இனி உன்னை அண்டாது."

"உனக்கும்தானேக்கா வந்துச்சு?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் பையில் துணி அடுக்கப் போய்விட்டாள்.

லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இவள் கேட்கவில்லை. தங்கைக்குச் சொன்ன தைரியத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பதினாறாம் நாள் அம்மா வீடு திரும்பினாள். தங்கை திரும்பவில்லை. அவளுடையது என்று மிஞ்சியது உறைபெட்டியில் இருந்த அந்தச் சிறு குழாய்தான்.

யார் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நான் போயிருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன், அவ்வளவுதான். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவள் இத்தனை நாள் சோறு தின்றாள், கண்ணை மூடினாள்.

டாக்டர் வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு விட்டுடுச்சு, பாவம். ஆனா பக்கத்துல பாருங்க, நாப்பத்தொண்ணு. ரெண்டு வைரஸுக்கும் அசையாம நிக்குது. ஏன்னு எனக்கே புரியல."

அப்போதுதான் பார்த்தாள். அடுத்த குழியில் ஊதா ததும்பி நின்றது. தேடினாலும் ஒரு பொத்தல் இல்லை.

"கொடுத்து வச்ச ஆளு," என்றார் டாக்டர். "இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும். யாருன்னு தேடிப் பிடிக்க முடியுமா?"

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

"எடுத்துக்குங்க, டாக்டர்."