காலியான பிளக்

கடைப்பெண் லேசான லேப்டாப்பை அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார், கையில இருக்கிறதே தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டைப் போல அதைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

என்ன வேலைக்கு என்று கேட்டாள். பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற வேலை என்றார். எழுத்து, படம், பக்க எண். அவ்வளவுதானா, அதற்கு இதுவே ஜாஸ்தி என்றாள்.

இருபத்தாறு வருடமாக அவ்வளவுதான். ஏழாம் வகுப்பு அறிவியல் மட்டும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஐந்து வாரமாக நிற்கிறது. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் எழுந்துவிடுகிறார். சமையலறை வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டுத் திரும்புகிறார்.

அச்சகத்துக்காரர் நல்ல மனிதர். பழியைப் பழைய லேப்டாப்பின் தலையில் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்கள் வராவிட்டால் புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே நல்ல குரலில் சொன்னார்.

அக்காவுக்கு வேறு யோசனை. லேசானதாக வாங்கு என்றாள். வாங்கி, பையில் போட்டுக்கொண்டு, நேரே அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாடி அறையைப் பெருக்கி மேஜை போட்டாயிற்று. பெண்டாட்டி போய் ஐந்து வாரம் ஆன பிறகும் யாருக்காக அந்த வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. 

பக்கத்து மேஜையில் கனமான ஒன்று இருந்தது. கறுப்பு, இரண்டு விரல் தடிமன். திரையில் விளம்பரத்துக்காக ஒரு கப்பல் புயலில் போய்க்கொண்டிருந்தது. கரை தெரிகிற நேரத்தில் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது.

அவர் அதன் அருகே போனார்.

"அது உங்களுக்கு வேண்டாம் சார். அதோட சார்ஜர் எடைக்கு இந்தப் பக்கம் ஒரு லேப்டாப்பே வாங்கலாம்."

இருந்தாலும் கடமைக்குப் பின்னாலேயே வந்து விவரம் சொன்னாள். சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் செய்கிறவர்கள் வாங்குவது. மூன்று கிலோ. எந்நேரமும் பிளக்கில் செருகியே இருக்க வேண்டும். மடியில் வைத்தால் சுடும். அப்புறம் சத்தம். சூடு ஏறினால் உள்ளே இருக்கிற ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும்.

குறையைக் காட்டுவதற்காகக் கப்பலை நிறுத்தினாள். சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது.

அப்போதுதான், அவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது.

மறுபடி ஓட விடச் சொன்னார்.

கப்பல் கிளம்பியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஏறியது. அவர் குனிந்து, பக்கவாட்டில் இருந்த துளைகளுக்கு அருகே காதை வைத்தார். கன்னத்தில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

கடைப்பெண் அவசரமாக லேசானதை அவர் பக்கம் நகர்த்தினாள். உங்கள் வேலைக்கு இது சத்தமே போடாது, பயப்பட வேண்டாம் என்றாள். எழுத்துக்கும் பக்க எண்ணுக்கும் இது மூச்சுக்கூட விடாது.

அவர் நிமிர்ந்தார்.

"அப்போ விடாம சுத்துற மாதிரி ஏதாவது போட்டுத் தர முடியுமாம்மா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கப்பலையே ஏற்றித் தருகிறேன், ராப்பகலாக ஓடும் என்றாள். ஆனால் வீட்டில் ஒரு பிளக்கை அதற்கென்றே விட்டுவிட வேண்டும்.

ஒன்று காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

பில் போடுகிற இடத்தில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள். எதை எடுத்தாய் என்றாள். சொன்னார்.

"அதத் தூக்கிட்டு நீ எப்படிடா வருவ?"

அவர் பில்லுக்குப் பணத்தை எடுத்து நீட்டினார்.  மாடியில் போட்ட மேஜை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது படுக்கையறைச் சுவரில் இன்னும் வெயில் இருந்தது. பெட்டியைப் பிரித்தார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூல் இருந்தது. புது லேப்டாப்பை அதன் மேல் வைத்து, திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார். குனிந்து சார்ஜரைச் செருகினார்.

பிளக்குக்கு மேலே சுவரில் ஒரு காகிதம், நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியது. எழுத்து அவருடையது. 'ஆக்சிஜன் மிஷின். யாரும் கழற்ற வேண்டாம்.' வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து, ராப்பகலாக இரைந்துகொண்டிருந்த மிஷினை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள்.

கப்பல் கிளம்பியது. சத்தம் மெல்ல ஏறி, சீராக நின்றது.

அவர் எப்போதும்போலக் கட்டிலுக்கு முதுகைக் காட்டி மேஜை முன் உட்கார்ந்தார். பழைய லேப்டாப்பைத் திறந்தார்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குள் பதினோரு பக்கம் முடிந்திருந்தது.