ஒரு டப்பா பனி

"ஃபிரிட்ஜ் கதவுல இன்னொரு தடவை கை வெச்சே, இங்கேயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன், ஆமா!"

இருபத்தாறு வருஷமா என்னோட குப்பை கொட்டுறவளைப் பார்த்துத்தான் அப்படிக் கத்தினேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனா விஷயம் அப்படி.

ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போயிருந்தோம். கட்டில், அடுப்பு, பேட்டரியிலேயும் கேஸ்லேயும் ஓடுற இடுப்பு உயர ஃபிரிட்ஜ், எல்லாம் வண்டிக்குள்ளேயே. திரும்பி வரும்போது அந்த ஃபிரீஸர்ல ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. டப்பா நிறைய, மலை உச்சியில நான் அள்ளின பனி.

என் அண்ணனுக்கு.

அண்ணன் முப்பது வருஷம் ஃபிரிட்ஜ் மெக்கானிக். என்னைப் படிக்க வெச்சதே அவரோட ஸ்க்ரூடிரைவர்தான். இப்போ சர்க்கரை நோய் ரெண்டு கண்ணையும் வாங்கிக்கிச்சு. நாங்க கிளம்பறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"ஆயுசு பூரா ஐஸோட மாரடிச்சேன்டா. வானத்துலேர்ந்து விழற பனியைப் பார்த்ததே இல்ல. இனிமே பார்க்கவும் முடியாது. தொட்டுப் பார்க்கவாவது கொஞ்சம் கொண்டாருவியா?"

அவர் என்கிட்ட வாய் விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். கொண்டுவராம இருப்பேனா?

எப்படிக் கொண்டுவரணும்னும் அவரே சொன்னார். "வண்டி ஓடும்போது பேட்டரியில போடு, நின்னா கேஸுக்கு மாத்து. பெட்ரோல் பங்க்ல கேஸை அணைச்சிடு. சாஞ்ச இடத்துல நிறுத்தாதே, நிழலாப் பார்த்து நிறுத்து. எல்லாத்துக்கும் மேல, சும்மா சும்மா கதவைத் திறக்காதே."

அட்சரம் பிசகாம செஞ்சேன். ஃபிரீஸர்ல இருந்த மீனையெல்லாம் மலையிலேயே யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டு டப்பாவுக்கு இடம் பண்ணினேன். கதவுக்குக் குறுக்கே டேப் ஒட்டினேன். நான் மட்டும் அரை மணிக்கொரு தரம் வண்டியை ஓரங்கட்டி, டேப்பைப் பிரிச்சு, டப்பா பத்திரமா இருக்கான்னு பார்ப்பேன். யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்கணும் இல்லையா?

"இதோட பதினஞ்சாவது தடவை திறக்கறீங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"நான் திறக்கறது வேற, நீ திறக்கறது வேற. உள்ளே பாரு, நாலு பக்கமும் எவ்ளோ ஐஸ் படிஞ்சிருக்கு! எப்பேர்ப்பட்ட குளிரு!"

திரும்பி வர்ற ரெண்டாம் நாள் மத்தியானம், சாப்பிடறதுக்காக ஒரு வேன் நிறுத்துற மைதானத்துல நின்னோம். பக்கத்து வேன்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார். "பனியையா கொண்டு போறீங்க? அதெப்படி சார்?" என்று வாயைப் பிளந்தார்.

விடுவேனா! டப்பாவை எடுத்து வந்து வெளியில மேஜை மேல வெச்சு, மூடியைத் திறந்து காட்டினேன். அப்படியே அவர் வண்டிக்குள்ள ஏறி, ஃபிரிட்ஜை எப்படிப் பார்த்துக்கணும்னு ஒரு கிளாஸே எடுத்தேன். மனுஷன் நோட்டுல எழுதிக்கிட்டார்னா பாருங்களேன்!

ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தேன். மேஜை காலி.

வண்டிக்குள்ள ஓடினேன். ஃபிரிட்ஜ் கதவு ஆன்னு திறந்திருக்கு. எதிர்ல தரையில உட்கார்ந்திருக்கா என் வீட்டுக்காரி, கையில மரக்கரண்டியோட.

"டப்பா எங்கேடி?"

"உள்ளேதான். நீங்க போன உடனேயே எடுத்து வெச்சுட்டேன்."

திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேர்னு டப்பா நிறையப் பனி. அப்பாடா!

"அப்புறம் எதுக்குக் கதவைத் திறந்து போட்டிருக்கே?"

"தாகமா இருந்துச்சு. ஜில்லுனு கொஞ்சம் தண்ணி..."

வந்துச்சே கோபம்! அப்போ கத்தினதுதான் முதல்ல நீங்க கேட்டது. வழக்கமா ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் கொடுக்கறவ, அன்னிக்கு "தப்புதாங்க"ன்னு சொல்லிட்டு, விரலைக் கக்கத்துல செருகிக்கிட்டா.

சாயந்தரம் வீடு வந்து சேர்ந்தோம். அண்ணன் கட்டில் ஓரமா உட்கார்ந்து காத்திருந்தார். "இந்தாங்க மாமா" என்று அவர் மடியில டப்பாவை வெச்சா அவ.

அண்ணன் விரலை உள்ளே விட்டார். கொஞ்சம் அள்ளி, மெல்ல உருட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா... இதுவா பனி? என்னா மெத்து! பூவை அள்ளின மாதிரி இருக்கே!"

ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கிட்டார். அது கரைஞ்சு வழியுது, பார்வையில்லாத அந்தக் கண்ணுலேர்ந்தும் வழியுது. "வானத்தையே கொண்டாந்து என் மடியில கொட்டிட்டியேம்மா!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. "எல்லாம் கதவைத் திறக்க விடாம பார்த்துக்கிட்டதாலதான்ண்ணே!" என்று சந்தடி சாக்குல நானும் ஒரு வார்த்தை போட்டு வெச்சேன்.

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் காபி போட உள்ளே போனா. அண்ணன் என்னைக் கிட்டே இழுத்தார்.

"ஏன்டா, மலையில பெய்யற பனிக்கு மீன் வாசனை அடிக்குமா?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"இது ஃபிரீஸர் சுவத்துல படியற ஐஸ். முப்பது வருஷம் சுரண்டித் தூக்கிப் போட்ட கைடா இது, இதுக்குத் தெரியாதா? கதவைச் சும்மா சும்மா திறந்தாத்தான் இவ்ளோ படியும். யாரு திறந்தா?"

உச்சி வெயில், மேஜை மேல திறந்து வெச்ச டப்பா, ஒரு மணி நேரக் கிளாஸ், எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. அவ கரண்டியோட உட்கார்ந்திருந்தப்போ ஃபிரீஸர் சுவரெல்லாம் வழவழன்னு இருந்ததும் அப்பதான் உறைச்சது.

"தெரிஞ்சுமா அழுதீங்க?" என்றேன்.

"பின்னே? வீண்னு நான் தூக்கிப் போட்டதை, ஒருத்தி உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டி எனக்குப் பனியாக்கிக் கொண்டாந்திருக்கா. மலையில போய் நின்னிருந்தாக்கூட எனக்கு இப்படிச் சிலிர்த்திருக்காதுடா!"

டப்பாவை மூடி நெஞ்சோட அணைச்சுக்கிட்டார்.

"அவகிட்ட மூச்சு விடாதே. டப்பாவைக் கொடுக்கறப்போ கை பட்டுச்சு, விரலெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு. போ, காபியை நீ போடு."